பேரி மரத்துப் பெரைராவுக்கு

லிஸ்பன்,
அக்டோபர் 12

அன்பு பெரைரா,

உன் கடிதம் வந்து சேர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. நாலு பக்கம் முழுக்கக் கோழிக்கிறுக்கல். படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள். "வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்களேன் அப்பா" என்று மகள் சிரிக்கிறாள். கடைசிப் பக்கத்து ஓரத்தில் இருந்த மீன் குழம்புக் கறையை எந்த வாட்ஸ்அப்பில் அனுப்புவது?

கண்புரை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். என் முழங்கால்தான் இங்கே படாதபாடு படுகிறது. இந்த ஊர் முழுக்க மேடு. பால் வாங்கப் போனால்கூட எழுபது படி இறங்கி எழுபது படி ஏற வேண்டும். பேத்திக்கு ஏழு மாதம், மூக்கு என் மனைவியினுடையது. மாப்பிள்ளைக்கு டிசம்பர் வரை வேலை நெருக்கடி. அதுவரை எங்களுக்கு இங்கேதான் காவல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பேரன் டி.என்.ஏ. சோதனைக்கு எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினானாம், பதில் வந்ததாம், பெயர் போர்ச்சுகீசியப் பெயராக இருந்தும் போர்ச்சுகல் ஒரு சதவீதம்கூட இல்லையாம், எல்லாமே தென்னிந்தியாவாம். "அப்போ நாம யார் தாத்தா?" என்று கேட்கிறான், உனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதை நீ எழுதியிருந்த விதத்தைப் பார்த்தால் பேரனைவிட உனக்குத்தான் ஏமாற்றம் அதிகம் போலிருக்கிறது. எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியார் உன்னை "மிஸ்டர் லிஸ்பன், எழுந்திரு" என்று கூப்பிடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது எவ்வளவு பொறாமை தெரியுமா? எனக்கு இருந்ததெல்லாம் ஒரு இனிஷியல்தான். உனக்கோ ஒரு தலைநகரமே இருந்தது.

அந்தத் தலைநகரத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன், நீ தூத்துக்குடியில். வந்த மூன்று மாதத்தில் உன் பெயரை மருந்துக்கடைப் பலகையில், பல் டாக்டர் கதவில், ஒரு வக்கீலின் பித்தளைத் தகட்டில், மீன் விற்கிற அம்மாவின் மேலங்கியில் எல்லாம் பார்த்துவிட்டேன். இந்த நாட்டில் மிக அதிகமாகப் புழங்கும் பத்துக் குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. நம் பக்கத்தில் ஒரு தெருவில் நின்று "முருகன்" என்று கூப்பிடுவது மாதிரிதான். ஆனால் நீ சொல்வது போல யாரும் சொல்வதில்லை. லிஸ்பன்காரர்கள் முதல் எழுத்தின் உயிரைப் பாதி முழுங்கிவிட்டு "ப்ரைரா" என்கிறார்கள். தெற்கே அலென்தேஜோ பக்கம் போனால் அது "ரேரா" என்று முடியும். பிரேசில்காரர்கள் வாயிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆக, கொழும்பில் இதே பெயரைப் பெரேரா என்கிறார்களே, அதை யாரும் கெடுத்துச் சொல்லவில்லை. அதே உச்சரிப்பு போர்ச்சுகலுக்குள்ளேயே இருக்கிறது.

பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? பேரிக்காய் மரம். அவ்வளவுதான். பேரிக்காய் "பெரா", மரம் "பெரெய்ரா". நான் வீரன், சூரன் என்று ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இங்கே சந்தையில் இப்போது பேரிக்காய் குவிந்து கிடக்கிறது. பச்சையில் துருப்பிடித்த மாதிரி புள்ளி, கடித்தால் நறுக்கென்று இருக்கும். இந்த ரகத்துக்குப் பெயர் ரோசா. 1836-இல் சிந்த்ரா என்ற ஊரில் பெத்ரோ அந்தோனியோ ரோசா என்பவரின் தோட்டத்தில் கண்டெடுத்த மரம், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் பழமரத்தின் பெயரை மனிதன் வைத்துக்கொள்கிறான், இன்னொரு பக்கம் மனிதனின் பெயரைப் பழத்துக்கு வைக்கிறார்கள். எனக்கு உடனே நம் ரோச் பூங்கா நினைவு வந்தது, நீயும் நானும் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று போய் உட்கார்ந்து கடலை தின்ற பெஞ்சும்.

அந்த "பெரா"வைக் கப்பல்காரர்கள் நம் பக்கம் கொண்டுவந்த கதை இன்னும் வேடிக்கை. நம் கொய்யாவைச் சிங்களத்தில் "பேர" என்பார்கள், மலையாளத்தில் பேரய்க்கா. இரண்டும் போர்ச்சுகீசியரின் பேரிக்காய்தான். பேரி விளையாத ஊரில் வடிவத்தில் கொஞ்சம் ஒத்துப்போன பழத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, உன் பெயரைக் கொழும்பில் ஒரு குழந்தையிடம் விளக்கினால் நீ கொய்யா மரத்து ஆள்தான்.

இனி பெயர் பிறந்த இடம். போர்ச்சுகலின் வடக்கில் மின்ஹோ என்று ஒரு பசுமையான பகுதி. அங்கே பெரெய்ரா என்ற பெயரில் ஊர்களும் பண்ணைகளும் பல. பேரி மரம் நின்ற இடமெல்லாம் பெரெய்ரா, நம் ஊரில் ஆலங்குளம், புளியங்குடி மாதிரி. அப்படி ஒரு நிலத்தை வைத்திருந்த பிரபு குடும்பம் நிலத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அவர்கள் கேடயத்தில் பேரி மரம் வரைந்திருப்பார்கள் என்றுதானே நினைப்பாய்? கிடையாது. சிவப்புப் பின்னணியில் வெள்ளிச் சிலுவை, நுனிகளில் பூ வேலை, அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்தில் வந்தவர்தான் நூனோ ஆல்வாரெஸ் பெரெய்ரா. இவரைப் பற்றிப் பேரனிடம் தாராளமாகச் சொல், பையன்களுக்குப் பிடிக்கும். தாத்தா பிராகா நகரத்துப் பேராயர். அப்பா ஒரு துறவறப் போர்வீரர் சபையின் தலைவர். பேராயருக்கு எப்படிப் பேரன் என்று கேட்காதே, அந்தக் காலம் அப்படி. 1385 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அல்ஜுபரோத்தா என்ற இடத்தில் பக்கத்து ராஜ்யமான காஸ்தீலின் படையோடு சண்டை. எதிரிப் படை இவர்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. நூனோவுக்கு அப்போது 25 வயது, படைக்கே தளபதி. ஜெயித்துவிட்டார். அதனால்தான் போர்ச்சுகல் தனி நாடாகத் தொடர்ந்தது. இதில் என்னை நிறுத்திவைத்த விஷயம் வேறு. எதிரிப் படையில் அவருடைய சொந்தச் சகோதரர்கள் இரண்டு பேர் நின்றார்கள், இருவரும் அந்தப் போரிலேயே செத்தார்கள். குருக்ஷேத்திரத்துக்கு நாம் மட்டும் சொந்தக்காரர்கள் இல்லை.

பிறகு 1423-இல் சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, தானே கட்டிய கார்மோ மடத்தில் சாதாரணத் துறவியாகச் சேர்ந்தார். 1431-இல் இறந்தார். 2009-இல் போப் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆக, உங்கள் பெயரில் ஒரு புனிதரும் உண்டு. அந்த மடத்துக்குப் போனேன். 1755 பூகம்பத்தில் கூரை விழுந்தது, திரும்பப் போடவே இல்லை. கல் வளைவுகள் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நிற்கின்றன, நடுவில் வானம். தனுஷ்கோடியில் அந்தக் கூரையில்லாத கோயிலுக்குள் நாம் மழையில் நனைந்து நின்றோமே, அதே மாதிரி இருந்தது. முழங்கால் வலியை மறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெயரை இன்னொரு முறை பார். நூனோ, ஆல்வாரெஸ், பெரெய்ரா. நடுவில் இருக்கும் ஆல்வாரெஸ் என்றால் ஆல்வாரோவின் மகன். அவர் அப்பா பெயர் ஆல்வாரோ. அதாவது அது இனிஷியல்! பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோ மகன், ரோட்ரிகஸ் என்றால் ரோட்ரிகோ மகன், கொன்சால்வஸ் என்றால் கொன்சாலோ மகன். முதலில் நம்மைப் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. பிற்பாடு எங்கோ ஒரு தலைமுறையில் உறைந்துபோய்விட்டது. அதன் பிறகு அப்பா பெயர் எதுவானாலும் மகன் பெர்னாண்டஸ்தான். என் தாத்தா பெயர் என் மகளின் பெயரில் இல்லை, உன் ஊரில் யாரோ ஒரு பெர்னாண்டோவின் பெயர் ஐநூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எது நல்ல ஏற்பாடு என்று நாம் சந்திக்கும்போது சண்டை போடலாம்.

அப்படியானால் இந்த நாட்டுப் பெரைராக்கள் எல்லாம் அந்தப் பிரபு வம்சமா? அதுதான் இல்லை. இதைப் பேரனுக்கு அழுத்திச் சொல். போர்ச்சுகலுக்குள்ளேயே இந்தப் பெயர் ரத்தத்தில் மட்டும் ஓடவில்லை. பேரி மரத்தடியில் குடியிருந்தவனும் பெரெய்ரா, அந்தப் பண்ணையில் கூலிக்கு உழுதவனும் பெரெய்ரா. சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் ரொம்ப நாள் நெகிழ்வாகவே இருந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் அப்பா பெயரையும் இன்னொருவன் அம்மாவின் அப்பா பெயரையும் எடுத்துக்கொள்வான். பெண்களுக்கு "தெ ஜெசுஸ்" என்று பக்திப் பெயரோடு சரி. 1911-இல் அரசாங்கமே கட்டாயப் பதிவேடு வைத்த பிறகுதான் இதெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது.

இந்த இடத்தில் உன் மருமகன் கிளப்பிய பாஸ்போர்ட் விவகாரத்தையும் முடித்துவிடுகிறேன். மரத்தின் பெயர் வைத்தவர்கள் எல்லாம் மறைவாக யூதர்களாக வாழ்ந்தவர்கள், அதனால் போர்ச்சுகல் பாஸ்போர்ட் கொடுக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை, பாதி சந்தைப் பேச்சு. 1497-இல் மன்னர் மனுவேல் இங்கிருந்த யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற வைத்தார். அவர்கள் ஊரில் எல்லோரும் வைத்திருந்த பெயர்களையே வைத்துக்கொண்டார்கள், ஒளிந்துகொள்ள நினைப்பவன் தனிப் பெயரா வைப்பான்? அதில் பெரெய்ராவும் ஒன்று. பின்னால் அவர்களில் பலர் ஆம்ஸ்டர்டாம், பிரான்சின் போர்தோ என்று தப்பிப் போய் மறுபடி யூதர்களாக வாழ்ந்தார்கள். அப்படி ஒரு குடும்பத்தில் வந்தவர்தான் 1715-இல் பிறந்த ஜேக்கப் ரோட்ரிகஸ் பெரெய்ரா. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்து, பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் பேரன்கள் எமிலும் இசாக்கும் பெயரைப் பிரெஞ்சுக்காரர் வாய்க்கு ஏற்றபடி "பெரெய்ர்" என்று ஆக்கிக்கொண்டு, ரயில் பாதை போட்டு, 1852-இல் பெரிய வங்கி ஒன்றும் தொடங்கினார்கள். இன்றைக்கும் பாரிஸ் மெட்ரோவில் பெரெய்ர் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. மின்ஹோ கிராமத்துப் பேரி மரம் எங்கே போய் நிற்கிறது பார்!

அந்த யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்தது வாஸ்தவம். ஆனால் வெறும் குடும்பப் பெயரைக் காட்டி வாங்க முடியாது, பரம்பரைக்கு ஆதாரம் கேட்டார்கள். பிறகு விதிகளை இன்னும் இறுக்கிவிட்டார்கள். கோவாக்காரர்கள் வாங்குகிறார்களே என்று கேட்பார். அவர்கள் ஊர் 1961 டிசம்பர் வரை போர்ச்சுகல் கையில் இருந்தது. நம் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் 1658-லேயே பிடித்துக்கொண்டார்கள். முந்நூறு வருஷம் பிந்திவிட்டது, மருமகனிடம் சொல்லிவிடு.

இனி நம் கரை. தென்னிந்தியாவில் கால் வைத்த பெரைராக்களில் பேர் பெற்றவர் துவார்த்தே பச்சேக்கோ பெரெய்ரா. 1504-இல் நூற்றைம்பது போர்ச்சுகீசியரையும் கொச்சி ராஜாவின் ஆட்களையும் வைத்துக்கொண்டு கோழிக்கோட்டு ராஜா சாமூதிரியின் படையிடமிருந்து கொச்சியைக் காப்பாற்றினார். ஊருக்குத் திரும்பியபோது ராஜ மரியாதை, பிற்காலத்தில் சிறை. அரசாங்க வேலை அப்போதும் அப்படித்தான். இன்னொருவர் தியோகோ பெரெய்ரா, வியாபாரி, சவேரியாரின் நண்பர். சவேரியார் சீனாவுக்குப் போக ஏற்பாடு செய்ததே இவர் கப்பலில்தான். மலாக்காவின் தளபதி இவரைப் போகவிடாமல் மறித்துவிட்டார். 1552 டிசம்பரில் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் சவேரியார் இறந்துபோனார்.

உன் முன்னோருக்கு அந்தப் பெயர் வந்தது இவர்களிடமிருந்து இல்லை, இவர்களைப் போன்ற பெயர் தெரியாத நூறு பேரிடமிருந்து. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமைக்காகக் கரையில் நடந்த சண்டையை நீயே கதை கதையாகச் சொல்வாய். ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி யோசனை சொல்ல, பரதவர் பெரியவர்கள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றதும், பின்னாலேயே குருமார் வந்து ஊர் ஊராகக் கொடுத்ததும். 1542-இல் சவேரியார் வந்து பார்த்தபோது ஜனங்களுக்குப் பெயர் மட்டும்தான் மாறியிருந்தது, ஜெபம் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துபோனதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். திருவிதாங்கூர்க் கரையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்தாராம். எனக்கு இந்தக் காட்சிதான் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. வலையைப் போட்டுவிட்டு வந்தவன், எழுத்துத் தெரியாதவன், தன் பெயர் எழுதிய துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு குடிசைக்கு நடக்கிறான்.

குடும்பப் பெயரோ ஞானத்தகப்பன் வழியாக வந்தது. முன்னால் நின்ற சிப்பாயோ கேப்டனோ பாதிரியாரோ, யார் பெயரைத் தந்தார்களோ அது. கோவாவில் வெவ்வேறு நாளில் ஞானஸ்நானம் பெற்ற பங்காளிகள் வெவ்வேறு குடும்பப் பெயரோடு வீடு திரும்பிய கதைகள் உண்டு. ஆக, எச்சில் குழாயில் போர்ச்சுகல் எப்படி வரும்? கொடுத்தவன் தன் பெயரைக் கொடுத்தான், ரத்தத்தை அல்ல. (இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினெட்டு இருபது தலைமுறைக்கு முன்னால் ஒரே ஒரு போர்ச்சுகீசியப் பாட்டன் இருந்திருந்தாலும் அவருடைய பங்கு இப்போது சோதனையில் தெரியாத அளவுக்குக் கரைந்திருக்கும். உனக்கு ஆறுதல் வேண்டுமானால் இதைப் பிடித்துக்கொள்.)

இலங்கையில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1505-இல் கப்பல் ஒதுங்கியது. 1557-இல் கோட்டே என்ற ராஜ்யத்தின் ராஜா தர்மபாலனே ஞானஸ்நானம் பெற்று தொம் ஜோவான் ஆனார். ராஜாவே மாறினால் குடிகள் எத்தனை பேர் மாறியிருப்பார்கள்! கரையோரம் முழுக்கப் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ. பின்னால் டச்சுக்காரர்கள் வந்தார்கள், கத்தோலிக்கத்தை விரட்டினார்கள், நிலப் பதிவேட்டில் அதே பெயர்களை எழுதினார்கள். ஜனங்களில் பலர் பௌத்தத்துக்குத் திரும்பினார்கள், பெயர் மட்டும் திரும்பவில்லை. இன்று பெரேராக்களில் பௌத்தர்கள் ஏராளம். சிங்கள வீட்டுப் பெயர் அதற்கு முன்னால் தனியாக நிற்கும். கிரிக்கெட் ஆடும் குசல் பெரேராவின் முழுப்பெயர் மதுரகே தொன் குசல் ஜனித் பெரேரா. மதுரகே என்பது வீட்டுப் பெயர், தொன் போர்ச்சுகீசிய மரியாதை, கடைசியில் பேரி மரம். 2019-இல் டர்பனில் 153 அடித்து, கடைசி விக்கெட்டோடு நின்று ஜெயித்துக் கொடுத்தானே, அவன்தான். எங்கள் ஆபீசில் அன்று யாரும் வேலை பார்க்கவில்லை.

இலங்கையிலேயே ஈ. டபிள்யூ. பெரேரா என்று ஒருவர் இருந்தார். 1915 கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் ராணுவச் சட்டம் போட்டு அட்டூழியம் செய்தபோது, அதைப் பற்றிய ரகசிய ஆவணத்தைச் செருப்புக்குள் ஒளித்து லண்டனுக்குக் கொண்டுபோனவர். கண்டி ராஜாவின் சிங்கக் கொடியை இங்கிலாந்தில் தேடிக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே இருக்கும் கேப் வெர்தே தீவுகளை எடுத்துக்கொள். போர்ச்சுகலோடு போராடி 1975-இல் விடுதலை வாங்கியபோது முதல் ஜனாதிபதி யார்? அரிஸ்தீதெஸ் பெரெய்ரா! போர்ச்சுகலை விரட்டியவர் பெயரும் அதுவே.

பிரேசிலில் கோடிக்கணக்கான மக்களிடம் இன்று புழங்கும் போர்ச்சுகீசியப் பெயர்களில் பாதிக் கதை இருட்டு. அடிமைகளுக்கு எஜமான் பெயர், 1888-இல் விடுதலை ஆனபோதும் அதே பெயரோடு வெளியே வந்தார்கள். அதைப் பற்றி இங்கே ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன், அவர் பேச்சை வானிலைக்கு மாற்றிவிட்டார். அர்ஜென்டினாவில் "ஐ" எழுத்துக்குப் பதில் "ஒய்" போட்டுப் பெரெய்ரா. கொலம்பியாவில் ஒரு நகரத்துக்கே அந்தப் பெயர். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து திமிங்கில வேட்டைக் கப்பலேறி அமெரிக்காவின் நியூ பெட்போர்டுக்குப் போனவர்கள் பலர் "பெர்ரி" ஆகிவிட்டார்கள். மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் கிழக்குத் திமோரிலும் பெரைராக்கள் உண்டு. எல்லோரையும் ஒரு கல்யாணத்துக்கு அழைத்தால் எந்த மொழியில் சாப்பாடு பரிமாறுவது?

உன் தாத்தா தோணியில் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் போனபோது துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா, பெயரைக் கேட்டதும், "நீயும் பெரேராவா, வா வா" என்று டீ வாங்கிக் கொடுத்து, சரக்கை முதல் ஆளாக இறக்கிவிட்டதாகச் சொல்வாரே. அந்த ஆளுக்கும் உன் தாத்தாவுக்கும் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. டீ மட்டும் நிஜம். பேரன் கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். மற்றதை நீ பார்த்துக்கொள்.

உனக்கு ஒரு வேலை. பனிமய மாதா கோவிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு எந்த வருஷம் வரை பார்க்கக் கிடைக்கும் என்று பங்குத் தந்தையிடம் விசாரித்து வை. உன் வம்சத்தில் கைக்கு எட்டுகிற மிகப் பழைய பெரைரா யார், அவருக்கு ஞானத்தகப்பனாக நின்றது யார் என்று ஜனவரியில் வந்து நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். பேரனையும் கூட்டிக்கொள்வோம், நம் இருவர் கண்ணையும் நம்ப முடியாது.

பேரிக்காய் நாலு பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன், விமான நிலையத்தில் விட்டால். பதிலுக்கு நீ எனக்கு ஒரு கிலோ மக்ரூன் வாங்கி வைக்க வேண்டும், உடையாததாக. போன தடவை கொடுத்ததில் பாதி தூள்.

உன்
சங்கரன்